ஹாட்ஸ்பாட் எந்தப் படியில் நிற்கிறது?

ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கைக் கணினியை வைஃபை ஹாட்ஸ்பாட்டாக மாற்ற முயன்றவர்களின் புலம்பல் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். ‘ஹாட்ஸ்பாட்டின் பெயரே போனில் தெரியவில்லை.’ ‘பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது.’ ‘கனெக்ட் ஆகிவிட்டது, ஆனால் நெட் வரவில்லை.’ மூன்றும் வெவ்வேறு நோய்கள். நாமோ மூன்றுக்கும் ‘வைஃபை வேலை செய்யவில்லை’ என்று ஒரே பெயர் வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகக் கணினியை அணைத்துப் போட்டுப் பார்க்கிறோம்.

போனில் அது ஒரே ஒரு தட்டல். ஆனால் அந்தத் தட்டலுக்குப் பின்னால் ஏழெட்டு வேலைகள் வரிசையாக நடந்தாக வேண்டும். பலகைக்குக் கரன்ட் போதிய அளவு வர வேண்டும். ரேடியோவுக்கு அலைபரப்ப அனுமதி இருக்க வேண்டும். பெயரை அறிவிக்க வேண்டும். பாஸ்வேர்டைச் சரிபார்க்க வேண்டும். வந்து சேர்ந்த போனுக்கு ஒரு முகவரி கொடுக்க வேண்டும். வெளியே போக வழிவிட வேண்டும். இணையதளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தர வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் கிட்டத்தட்ட ஒரே செய்திதான் வரும். ஆகவே பழுது பார்க்க உட்காருபவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, ஒழுங்காக நடந்த கடைசிப் படி எது என்பதை. கோளாறு அதற்கு அடுத்த படியில் இருக்கும்.

2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து விற்பனைக்கு வந்த முதல் ராஸ்பெரி பையில் வைஃபையே கிடையாது. யூஎஸ்பி டாங்கிள் ஒன்றைச் செருகிச் சமாளித்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 பிப்ரவரி 29 அன்று வந்த மூன்றாம் தலைமுறையில்தான் வைஃபை சிப் பலகையிலேயே ஏறியது. 2017-இல் 10 டாலருக்கு வந்த ஸீரோ டபிள்யூ அதைச் சுண்டுவிரல் நீளப் பலகைக்குள் அடக்கியது. அதன் பிறகு இந்தக் கணினிகளை ஹாட்ஸ்பாட்டாக்குவது பலருக்கும் பிடித்த வேலையாகிவிட்டது. ஓர் எடுத்துக்காட்டு, இணையம் எட்டாத பள்ளிக்கூடத்தில் வைக்கும் நூலகம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாகச் சுருக்கித் தருகிறது. படங்களோடு கூடிய ஆங்கில விக்கிப்பீடியா சுமார் 100 ஜிபி. தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் கோப்பு உண்டு. ஒரு மெமரி கார்டு, ஒரு பலகை, ஒரு ஹாட்ஸ்பாட் இருந்தால் வகுப்பறையே படிக்கலாம். அந்த ஹாட்ஸ்பாட் மக்கர் செய்தால் என்ன செய்வது? படிகளை ஒவ்வொன்றாக ஏறிப் பார்ப்போம்.

கரன்ட்: எல்லோரும் தாண்டிப் போகும் படி

‘விளக்கு எரிகிறதே, கரன்ட் வருகிறது’ என்று இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் பழுதுகளில் கணிசமானவை இங்கேயே பிறக்கின்றன. பை 3-க்கு 5 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர், பை 5-க்கு 5 ஆம்பியர் தரும் அடாப்டர்களைத் தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் பழைய போன் சார்ஜரும் ஒல்லியான கேபிளும் இதற்குத் தாங்காது.

கணக்கு எளிதானது. கேபிளில் போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டுக்கும் சேர்த்துக் கால் ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் ஓடினால் கேபிளிலேயே அரை வோல்ட் கரைந்துவிடும். சார்ஜர் முனையில் 5 வோல்ட் இருந்தாலும் பலகையை எட்டுவது 4.5 வோல்ட்தான். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே ராஸ்பெரி பை அதை ‘மின்னழுத்தக் குறைவு’ என்று குறித்துக்கொள்ளும். திரை இணைத்திருந்தால் மூலையில் ஒரு மின்னல் குறி தோன்றும். இதே கேபிள் போனுக்குத் தொந்தரவு தராது. பேட்டரி கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவே. இந்தப் பலகைக்கோ தாங்கிப் பிடிக்கப் பேட்டரி இல்லை.

ஹாட்ஸ்பாட்டில் இது வெளிப்படும் விதம் ஆளைக் குழப்பும். சும்மா இருக்கும்போது எல்லாம் நன்றாக ஓடும். நாலைந்து பேர் இணைந்து வீடியோ பார்க்கத் தொடங்கியதும் மின்தேவை எகிறும், அழுத்தம் சரியும், இணைப்பு அறும். எல்லோரும் வைஃபையைத் திட்டுவார்கள்.

இதைக் கண்டறியக் கெட்-த்ராட்டில்ட் என்ற கட்டளை இருக்கிறது. அது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் நிம்மதி. 50005 என்றால், இந்த நொடியில் அழுத்தம் குறைந்திருக்கிறது, அதனால் செயலியின் வேகமும் மட்டுப்பட்டிருக்கிறது. 50000 என்றால், இப்போது சரியாக இருக்கிறது, ஆனால் ஆன் செய்ததற்குப் பிறகு எப்போதோ குறைந்திருக்கிறது. அந்தக் கடைசி நான்கு பூஜ்யங்களைப் பார்த்து ஏமாறக் கூடாது. முன்னால் நிற்கும் 5-தான் சாட்சி. ரீபூட் செய்தால் இந்தச் சாட்சி அழிந்துவிடும். எதற்கெடுத்தாலும் அணைத்துப் போடும் பழக்கம் துப்பறியும் வேலைக்கு ஆகாது என்பதற்கு இது முதல் காரணம்.

எந்த நாட்டில் இருக்கிறாய்?

அடுத்தது அனுமதி. வைஃபை அலைகள் யார் வேண்டுமானாலும் பரப்பலாம் என்று விடப்பட்ட அலைவரிசையில் ஓடுகின்றன. அமெரிக்கா 1985-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில பட்டைகளை உரிமமில்லாத் தகவல் தொடர்புக்குத் திறந்துவிட்டது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கான விதி 2005-இல் வந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பரவலான தளர்வு 2018-இல் வந்தது. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் எந்தச் சேனல், எவ்வளவு சக்தி என்ற கட்டுப்பாடு வேறு வேறு. 14-ஆவது சேனல் ஜப்பானில் மட்டும் உண்டு. 12, 13 பல நாடுகளில் உண்டு. அமெரிக்கச் சந்தைக்கான கருவிகள் அவற்றைப் பொதுவாகத் தொடுவதில்லை.

ஆகவே தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாத ராஸ்பெரி பை, வாயைத் திறக்காது. நாட்டுக் குறியீடு அமைக்கப்படாத வரை ரேடியோவை ஆர்எஃப்கில் என்ற பூட்டு அடைத்துவைத்திருக்கும். டெர்மினலில் நுழைந்ததும் ‘வைஃபை தற்போது தடுக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி வருவதைப் பலர் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். அமைப்புப் பக்கத்தில் நாட்டை இந்தியா என்றோ இலங்கை என்றோ தேர்ந்தெடுத்தால் பூட்டு திறந்துவிடும்.

5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் வைப்பவர்களுக்கு இந்தப் படி இன்னும் கறாரானது. நாடு தெரியாத லினக்ஸ் அந்தப் பட்டை முழுவதையும் ‘கேட்கலாம், பேசக் கூடாது’ என்று குறித்துவைத்திருக்கும். நாட்டைச் சொன்ன பிறகும் 52-ஆம் சேனல் தொடங்கி 144 வரை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய இடம். வானிலை ரேடார்கள் 5.6 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகின்றன. அங்கே பேச விரும்பும் கருவி குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டு, ரேடார் இல்லை என்று உறுதி செய்த பிறகே வாய் திறக்க வேண்டும். சின்னப் பலகைகளை இந்தச் சிக்கலுக்குள் இழுக்காமல் 36 முதல் 48 வரையிலான சேனல்களில் வைப்பதே நல்லது.

பெயர் தெரிகிறதா?

அனுமதி கிடைத்ததும் ஹாட்ஸ்பாட் தன் பெயரைக் கூவத் தொடங்கும். வழக்கமான அமைப்பில் 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்குப் பத்து முறைக்குச் சற்றுக் குறைவாக, ஓர் அறிவிப்புத் துணுக்கு காற்றில் போகும். போனின் வைஃபை பட்டியலில் நாம் பார்ப்பது அந்தக் கூவலைத்தான். பெயர் தெரிகிறது என்றால் கரன்ட், அனுமதி, சிப், அதை இயக்கும் மென்பொருள் ஆகிய நான்கும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். ஒரே பார்வையில் பாதிப் படிகள் தேர்வில் தேறிவிட்டன.

தெரியவில்லை என்றால்? டாங்கிள் செருகியிருப்பவர்கள் அது ஹாட்ஸ்பாட் வேலைக்குத் தகுதியானதா என்று பார்க்க வேண்டும். வைஃபையில் சேர்வது ஒரு திறன், பிறரைச் சேர்த்துக்கொள்வது வேறு திறன். மலிவான டாங்கிள்கள் பலவற்றுக்கு, அல்லது அவற்றின் லினக்ஸ் டிரைவருக்கு, இரண்டாவது தெரியாது. ஐடபிள்யூ லிஸ்ட் என்ற கட்டளை தரும் நீண்ட பட்டியலில் ‘ஏபி’ என்ற இரண்டெழுத்து இருந்தால் அது முடியும்.

பெயரைத் தமிழில் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு தகவல். தாராளமாக வைக்கலாம், ஆனால் இடம் குறைவு. வைஃபை பெயருக்கு 32 பைட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோடை யூடிஎஃப்-8 முறையில் எழுதும்போது தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். கொம்பு, கால், புள்ளி, விசிறி எல்லாமே தனித்தனிக் குறியீடுகள். ‘அறிவியல்’ என்பது அ, ற, இகரக் குறி, வ, இகரக் குறி, ய, ல, புள்ளி என எட்டுக் குறியீடுகள், 24 பைட். அது உள்ளே நுழைந்துவிடும். ‘அறிவியல் மன்றம்’ என்று நீட்டினால் இடைவெளியையும் சேர்த்து 43 பைட் ஆகி வாசலிலேயே நின்றுவிடும். மென்பொருள் அந்தப் பெயரை ஏற்காமல் ஹாட்ஸ்பாட்டைத் தொடங்கவே மறுக்கலாம்.

காற்றில் நெரிசல்

பெயர் வந்து வந்து மறைகிறது, பக்கத்தில் நின்றால் தெரிகிறது, அறையின் மறுமூலையில் இல்லை. இது காற்றின் பிரச்சினை. நல்ல வைஃபை இணைப்பில்கூடப் போனை வந்தடையும் சக்தி நம்ப முடியாத அளவு சிறியது. மைனஸ் 70 டிபிஎம் என்று அளவி காட்டினால், அது ஒரு வாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதிலிருந்துதான் போன் ஒரு திரைப்படத்தையே பிரித்தெடுக்கிறது. இவ்வளவு மெல்லிய குரலை அமுக்குவதற்குப் பெரிய இரைச்சல் தேவையில்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு வைஃபை அலை அடைத்துக்கொள்ளும் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். எனவே 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றோடு ஒன்று இடிக்காமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே. 3-இல் யாரும் இல்லையே என்று அங்கே போய் உட்காருபவர், 1-இல் இருப்பவரையும் 6-இல் இருப்பவரையும் ஒருங்கே தொந்தரவு செய்து தானும் கெடுவார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இந்த மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இரைச்சல் சொந்தப் பலகையிலிருந்தும் வரலாம். பை 4 தொடங்கி நீல நிறத்தில் யூஎஸ்பி 3 துளைகள் இருக்கின்றன. நொடிக்கு 500 கோடி பிட் வேகத்தில் ஓடும் அந்தக் கேபிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ரேடியோ இரைச்சலைக் கசியவிடுகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தத் துளையில் ஹார்டு டிஸ்க்கைச் செருகியதும் ஹாட்ஸ்பாட் தடுமாறினால், டிஸ்க்கை ஒரு நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுங்கள்.

ஆன்டெனாவையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். பை 4-இன் ஓரத்தில், செம்புப் பூச்சு விடுபட்டுச் சிறு முக்கோணம் போன்ற ஓர் இடம் தெரியும். அருகே கடுகு அளவுக்குச் சில பாகங்கள் இருக்கும். அதுதான் ஆன்டெனா. ஸ்வீடனின் புரோஆன்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற இந்த வடிவமைப்பு ஸீரோ டபிள்யூவில் அறிமுகமானது. பலகையிலேயே செதுக்கப்பட்ட ஒரு வெற்றிடம் அலைக்கு ஏற்ப அதிர்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எதுவும் இல்லை. இதன் மேல் அழகான அலுமினியப் பெட்டியை மூடினால் அலை உள்ளேயே முடங்கிவிடும். ‘வாங்கியபோது நன்றாக இருந்தது, பெட்டிக்குள் வைத்த பிறகுதான் இப்படி’ என்று யாராவது சொன்னால் பெட்டியைக் கழற்றச் சொல்லுங்கள்.

ஒரு ரேடியோ, இரண்டு வேலை

பலரும் வீட்டு வைஃபையிலிருந்து இணையத்தை வாங்கி அதே சிப்பாலேயே ஹாட்ஸ்பாட்டாகத் திருப்பித் தர முயல்கிறார்கள். பலகையில் இருப்பது ஒரே ரேடியோ. அது இரண்டு வேலையையும் செய்ய வேண்டுமானால் இரண்டும் ஒரே சேனலில் இருக்க வேண்டும். வீட்டு ரவுட்டர் 6-இல் இருக்கும்போது ஹாட்ஸ்பாட்டை 1-இல் வைத்தால் இரண்டில் ஒன்று படுத்துவிடும். இரண்டையும் 6-இல் வைத்து ஓடவிட்டாலும், நெரிசல் பார்த்துத் தானாகச் சேனல் மாற்றும் ரவுட்டர் ஒருநாள் 11-க்குத் தாவிவிடும். ‘நேற்றுவரை ஓடியது’ என்று சொல்லப்படும் பழுதுகளுக்குப் பின்னால் இந்தத் தாவல் இருப்பதுண்டு. தவிர, ஒவ்வொரு தகவலும் ஒரே காற்றில் இருமுறை பயணிப்பதால் வேகமும் ஏறத்தாழ பாதியாகும். ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுப்பது, முடியாவிட்டால் இன்னொரு டாங்கிள் செருகுவது, இவைதான் நிரந்தரத் தீர்வு.

இதோடு ஒட்டிய இன்னொரு திகைப்பு உண்டு. மடிக்கணினியிலிருந்து வைஃபை வழியாகவே பலகைக்குள் நுழைந்து ஹாட்ஸ்பாட் கட்டளையைக் கொடுத்ததும் திரை உறைந்துவிடும். கணினி தொங்கிவிட்டது என்று நினைத்துக் கரன்ட்டைப் பிடுங்குவார்கள். உண்மையில் கட்டளை கச்சிதமாக நிறைவேறியிருக்கிறது. பலகை வீட்டு வைஃபையை விட்டு விலகிவிட்டதால் நாம் பேசிக்கொண்டிருந்த வழி அடைபட்டுவிட்டது. மடிக்கணினியைப் புதிய ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துவிட்டு மறுபடி நுழைந்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

பாஸ்வேர்டும் கைகுலுக்கலும்

பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். போன் அதை அப்படியே காற்றில் அனுப்புவதில்லை. டபிள்யூபிஏ-2 முறையில் பாஸ்வேர்டையும் ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் சேர்த்து 4,096 சுற்று அரைத்து ஒரு சாவி தயாராகிறது. இரு பக்கமும் அதே சாவி இருக்கிறதா என்பதை நான்கு செய்திகள் பரிமாறிச் சோதித்துக்கொள்கின்றன. பெயரும் சாவிக்குள் அரைபடுவதால், பாஸ்வேர்டு மாறாமல் பெயர் மட்டும் மாறினாலும் சாவி வேறாகிவிடும்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் இணைய மறுத்தால் பாதுகாப்பு முறையில் முரண் இருக்கலாம். பழைய செய்முறைகள் 2004-க்கு முந்தைய டபிள்யூபிஏ முறையைச் சேர்த்து எழுதியிருக்கும். இன்றைய போன்கள் அதைக் கண்டால் எச்சரிக்கும், சில சேரவே மறுக்கும். மறுபக்கம், 2018-இல் வந்த டபிள்யூபிஏ-3-ஐ இந்தப் பலகைகளின் சிப்பில் வற்புறுத்துவதும் வம்பு. டபிள்யூபிஏ-2-ஐ ஏஇஎஸ் குறியாக்கத்தோடு வைத்துக்கொள்வதே இன்று இந்தப் பலகைகளுக்குப் பொருந்தும் நடுவழி.

முகவரி: இரண்டு தலைமுறைகள் மோதும் இடம்

‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்று போன் சொல்லிவிட்டு அங்கேயே நின்றால், கைகுலுக்கல் முடிந்துவிட்டது, ரேடியோவில் தவறில்லை. இனி தேட வேண்டியது மென்பொருளில். டிஹெச்சிபி என்ற முறையில் நான்கு செய்திகள் போய்வர வேண்டும். ‘யாராவது முகவரி தருவீர்களா?’ என்று போன் கேட்கும். ‘இதை வைத்துக்கொள்’ என்று பலகை நீட்டும். ‘அதையே எடுத்துக்கொள்கிறேன்’ என்று போன் சொல்லும். ‘பதிவாகிவிட்டது’ என்று பலகை முடிக்கும். யாரும் பதில் தராவிட்டால் மடிக்கணினி தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைச் சூட்டிக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்த உடனே, முகவரி தரும் மென்பொருள் தூங்குகிறது என்று முடிவுகட்டிவிடலாம்.

அது ஏன் தூங்குகிறது? பெரும்பாலும் இரண்டு காலத்துச் செய்முறைகளைக் கலந்ததால். பல ஆண்டுகளாக ராஸ்பெரி பையில் ஹாட்ஸ்பாட் வைக்க மூன்று மென்பொருள்களைக் கூட்டுச் சேர்ப்பார்கள். பெயரைக் கூவவும் பாஸ்வேர்டைச் சோதிக்கவும் ஹோஸ்ட்ஏபிடி. முகவரி தர டிஎன்எஸ்மாஸ்க். பலகைக்கே ஒரு நிலையான முகவரி தர டிஹெச்சிபிசிடி. பலகையின் இயங்குதளத்தில் 2023 அக்டோபரில் வந்த புக்வர்ம் பதிப்பு இதை மாற்றியது. டிஹெச்சிபிசிடி இருந்த இடத்தில் நெட்வொர்க்மேனேஜர் வந்து உட்கார்ந்தது. இது ஒரே கட்டளையில் ஹாட்ஸ்பாட்டைத் தொடங்கி, பலகைக்கு 10.42.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு, முகவரி வழங்கும் வேலைக்குத் தனக்கென்று ஒரு டிஎன்எஸ்மாஸ்க்கைத் தானே எழுப்பிக்கொள்ளும்.

இப்போது புதிய பலகையில் பழைய செய்முறையைப் பின்பற்றினால் என்ன ஆகும்? டிஹெச்சிபிசிடியின் கோப்பில் எழுதுவதை யாரும் படிக்க மாட்டார்கள். ஹோஸ்ட்ஏபிடியும் நெட்வொர்க்மேனேஜரும் ஒரே ரேடியோவுக்கு உரிமை கொண்டாடும். நாம் தனியாக நிறுவிய டிஎன்எஸ்மாஸ்க் முன்கூட்டியே வாசலைப் பிடித்து உட்கார்ந்திருந்தால், நெட்வொர்க்மேனேஜர் எழுப்பும் டிஎன்எஸ்மாஸ்க் ‘இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது’ என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுச் சாகும். ஜர்னல்சிடிஎல் கட்டளையில் அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு குழுவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்திவிட வேண்டும். நெட்வொர்க்மேனேஜர் போதும் என்றால் ஹோஸ்ட்ஏபிடியையும் தனி டிஎன்எஸ்மாஸ்க்கையும் முடக்குங்கள். பழைய கூட்டணிதான் வேண்டும் என்றால், இந்த ரேடியோவைத் தொடாதே என்று நெட்வொர்க்மேனேஜருக்குச் சொல்லிவையுங்கள். டெபியன் வகை லினக்ஸில் புதிதாக நிறுவிய ஹோஸ்ட்ஏபிடி ‘மாஸ்க்’ செய்யப்பட்டே இருக்கும்; அதை விடுவிக்காமல் தொடங்கச் சொன்னால் தொடங்காது. செய்முறை எழுதப்பட்ட ஆண்டைப் பார்க்காமல் கட்டளைகளை ஒட்டுவதுதான் இந்தப் படியில் நடக்கும் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம்.

வெளியே போகும் வழி

முகவரி வந்துவிட்டது, 10.42.0.1 பதில் தருகிறது, ஆனால் இணையம் இல்லை. இப்போது முதலில் பலகையிலிருந்தே வெளியே 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் செய்து பாருங்கள். பதில் இல்லையென்றால் ஹாட்ஸ்பாட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. பலகைக்கே இணையம் இல்லை. பதில் வருகிறது, போனுக்கு மட்டும் வரவில்லை என்றால் நடுவில் கடத்தும் வேலை நடக்கவில்லை.

ஒரு பக்கம் வந்த தகவலை மறுபக்கம் தள்ளிவிடும் வழக்கம் லினக்ஸுக்கு இயல்பில் இல்லை. ஐபி-ஃபார்வர்டு என்ற அமைப்பை 1 ஆக்கினால்தான் அது நடக்கும். அடுத்தது முகவரி மாற்றம். 10-இல் தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். விடுதி மாணவர்களின் கடிதங்களையெல்லாம் வார்டன் தன் முகவரியிட்டு அனுப்பி, பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பது போல, பலகை எல்லாப் போன்களின் கோரிக்கைகளையும் தன் பெயரில் அனுப்பிப் பதில்களைப் பிரித்துக் கொடுக்கிறது. நெட்வொர்க்மேனேஜர் இந்த இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும். பழைய முறையில் நாம்தான் எழுத வேண்டும்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, ஹாட்ஸ்பாட்டுக்கு 192.168.1 வரிசை முகவரிகளைக் கொடுத்து, வீட்டு ரவுட்டரும் அதே வரிசையில் இருந்தால், எந்தப் பக்கம் அனுப்புவது என்று பலகைக்கே புரியாது. இன்னொன்று, டாக்கர் நிறுவியிருப்பவர்களுக்கானது. அது பாதுகாப்புக்காகக் கடத்தும் வழியை இயல்பாகவே அடைத்துவிடும். ‘போன வாரம் ஓடிய ஹாட்ஸ்பாட், டாக்கர் போட்ட பிறகு ஓடவில்லை’ என்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயர் போட்டால் வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் காரணம். பெயரும் சரி, ஆனால் பலகையிலேயே திறக்கும் இணையதளங்கள் எல்லாம் ‘பாதுகாப்பற்றது’ என்று கத்தினால், காரணம் பலகையின் கடிகாரம். பை 5-க்கு முந்தைய பலகைகளில் நேரத்தைக் காக்கும் கடிகாரமே கிடையாது. அணைக்கும்போது இருந்த நேரத்தை எழுதிவைத்துக்கொண்டு, மறுபடி எழுந்ததும் அதிலிருந்தே தொடங்கும். இணையம் கிடைத்தால் திருத்திக்கொள்ளும். கிடைக்காத இடத்தில் அது சில மாதங்களுக்கு முன்னால் வாழ்ந்துகொண்டிருக்கும். நேற்று வழங்கப்பட்ட பாதுகாப்புச் சான்றிதழ் அதன் பார்வையில் இன்னும் பிறக்கவே இல்லை.

போனே முடிவெடுத்தால்

பள்ளி நூலகம் போல, இணையமே இல்லாமல் வேண்டுமென்றே வைக்கும் ஹாட்ஸ்பாட்டில் பலகையின் மேல் எந்தத் தவறும் இல்லாமலே எல்லாம் கெட்டுப்போகும். போன் ஒரு வைஃபையில் சேர்ந்ததும் கூகுள் அல்லது ஆப்பிளின் குறிப்பிட்ட பக்கம் ஒன்றைத் தொட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் ‘இங்கே இணையம் இல்லை’ என்று தீர்மானித்து, சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். வைஃபை குறி மேலே இருக்கும், மாணவர் 10.42.0.1 என்று தட்டுவார். கோரிக்கையோ செல்போன் கோபுரத்துக்குப் போய்ப் பதிலின்றித் திரும்பும். மொபைல் டேட்டாவை அணைப்பதும், ‘இணையம் இல்லாவிட்டாலும் இணைந்திரு’ என்று போன் கேட்கும்போது சரி என்பதும் உடனடித் தீர்வு. ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ்ஸுக்கு ஒரு பெயர் கொடுத்து வைத்திருப்பவர்களுக்கு, உள்ளூர் நூலகத்தின் பெயர் திறக்காது. எண்ணைத் தட்டினால் திறக்கும்.

இவ்வளவு படிகளையும் எப்போதும் அடியிலிருந்து ஏற வேண்டியதில்லை. நடுவில் வெட்டுவதே வேகமான வழி. பெயர் தெரிகிறதா? தெரிந்தால் கீழ்ப்பாதியை மறந்துவிடலாம். முகவரி வந்ததா? வந்தால் இன்னும் பாதி போயிற்று. 10.42.0.1 பதில் சொல்கிறதா, 8.8.8.8 சொல்கிறதா, பெயர் திறக்கிறதா? ஐந்தே கேள்விகளில் சந்தேகம் ஒரு படிக்குச் சுருங்கிவிடும். அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த முறையும் இரண்டையும் செய்ய வேண்டியிருக்கும்.

கட்டளைகள் மாறிக்கொண்டே இருக்கும். 2023-இல் ஒரு மென்பொருள் போய் இன்னொன்று வந்தது போல நாளை அதுவும் போகும். டிஹெச்சிபியின் நான்கு செய்திகள் 1990-களிலிருந்து அதே வரிசையில்தான் போய்வருகின்றன. வரிசையைத் தெரிந்தவருக்குப் புதிய கட்டளையைக் கற்றுக்கொள்வது ஒரு மாலை நேர வேலை. பிறரிடம் உதவி கேட்கும்போதும் இது கைகொடுக்கும். ‘ஹாட்ஸ்பாட் வேலை செய்யவில்லை’ என்று கேட்டால் ‘ரீபூட் செய்தீர்களா?’ என்ற பதில்தான் கிடைக்கும். ‘பை 4, புக்வர்ம், பாஸ்வேர்டு ஏற்கிறது, முகவரி 169.254 என்று வருகிறது’ என்று கேட்டுப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர், டிஎன்எஸ்மாஸ்க்கைத் தனியாக நிறுவியிருக்கிறீர்களா என்று முதல் பதிலிலேயே கேட்டுவிடுவார்.